கேக்கில் வெட்டின போலந்து

என்ரை ஹலினா அக்காவுக்கு,

நீங்கள் போய் மூண்டு மாதம் ஆகுது. உங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுறன். இந்தக் கதையைக் கேட்க வேண்டிய ஆக்கள் எங்கடை ஆக்கள். அதனால் இதை எங்கடை சஞ்சிகைக்கே குடுக்கப் போறன்.

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற எங்கடை சமையல்கூடத்தில், உங்கடை இடத்தில் இப்ப ஒரு பிலிப்பீன்ஸ் பிள்ளை நிக்கிறாள். நல்ல பிள்ளை, கையும் கெதி. நான் ரெண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறித்தான் வேலைக்குப் போறன். டோர்செட் பார்க்கில் எங்கடை கட்டடத்து வாசலில் விடியக்காலமை உங்கடை பழைய கார் வந்து நிண்டது அந்தக் காலம். நீங்கள் ஹோர்ன் அடிக்கிறேல்லை. சனம் நித்திரை எண்டு, லைற்றை ரெண்டு தரம் வெட்டி வெட்டிக் காட்டுவீங்கள்.

நாங்கள் சிநேகிதமான நாள் நினைவிருக்கோ? எண்பத்தஞ்சு, நான் வந்த புதுசு. நாலு-நாட்-ஒண்டு பெருந்தெருவில் போகேக்கை இறங்கிற விமானம் ஒண்டு காருக்கு மேலாலை பதிஞ்சு போனது. என்னை அறியாமலே என்ரை தலை முழங்காலுக்குள் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஹெலி வந்து சுட்ட காலத்தில் வெளிக்கிட்டவள் நான். வெக்கத்தோடை நிமிர்ந்து பார்த்தால், நீங்கள் சிரிக்கேல்லை. காரைக் கரையில் நிப்பாட்டி வைச்சிருந்தீங்கள். ஸ்டியரிங்கைப் பிடிச்ச விரல் எல்லாம் வெள்ளை.

“உனக்குமா?” எண்டு கேட்டீங்கள். அவ்வளவுதான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாய், ஒரு காலமைக்கு ஒரு துண்டாய்ச் சொன்னீங்கள். போலந்தில், ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். உங்களுக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடம் தொடங்க இருந்த கிழமை. உலக யுத்தத்தின்ரை முதல் நாள், விடியமுதலே விமானங்கள் வந்தது. ஊரில் ஒரு பட்டாளமும் இல்லை. சந்தையும் கோயிலும் வீடுகளும் ஒரு ஆஸ்பத்திரியும்தான். அந்த ஆஸ்பத்திரியில் உங்கடை அம்மா பிறந்து நாலு நாளான தங்கச்சியோடை படுத்திருந்தவ. கூரையில் பெரிய சிவப்புச் சிலுவை கீறி இருந்ததாம். நீங்கள் போய்ச் சேரேக்கை கூரையே இல்லை. அப்பா உங்களைக் கையில் பிடிச்சுக்கொண்டு கிழக்காலை நடந்தார். ரெண்டு கிழமை கழிய கிழக்காலை ரஷ்யன் வந்தான்.

போக வழியில்லாமல் திரும்பின அப்பாவையும் உங்களையும் ஜெர்மன்காரன் பிடிச்சு, ஒரு ஜெர்மன் பண்ணையில் அடிமை வேலைக்கு விட்டான். அடுத்த இளவேனில் முழுக்க ரேடியோ கத்தினது. டென்மார்க், நோர்வே, ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ். ஒவ்வொரு நாடு விழேக்கையும் பண்ணைக்காரி ஒரு கேக் சுட்டவ. அந்தத் தட்டுகளைக் கழுவினது நீங்கள். “பரிஸ் விழுந்த அண்டைக்குக் கிறீமும் இருந்தது” எண்டு சொல்லி, கார்க் கண்ணாடியை இறக்கி வெளியிலை துப்பினீங்கள். அதுக்கு முதலும் பிறகும் நீங்கள் துப்பி நான் பார்க்கேல்லை.

இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான், அக்கா, நான் அதைச் செய்தன்.

எண்பத்தாறில் மகள் சுதாவின்ரை ஆறாவது பிறந்தநாள். எங்கடை ரெண்டறை அப்பார்ட்மென்ரில் முப்பது பேர். நீங்கள் சுதாவுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்தீங்கள். என்ரை மனிசன் குணத்துக்குத் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் குடுத்த தில்லை அண்ணையும் மார்க்கம் எண்ட பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். அறையில் பாதிப் பேருக்கு வேலை எடுத்துக் குடுத்தவர் அவர்தான். அதனால் அவர் கதைச்சால் எல்லாரும் கேட்க வேணும். அவர் கதைக்கிறது யுத்தம். வீட்டுக்குக் கீழை பேஸ்மென்ரில் புத்தகங்களும் ஒரு ஐரோப்பா வரைபடமும் வைச்சிருக்கிறார். ஜெர்மன்காரன் போன வழியெல்லாம் சிவப்பு அம்புகள்.

பிள்ளைகள் கேக் வெட்டி முடிய, மிச்சக் கேக்குக்கு முன்னாலை தில்லை அண்ணை கத்தியோடை நிண்டார்.

“உதுதான் போலந்து” எண்டார். “வடக்காலை ஒரு படை, தெற்காலை ஒரு படை. ரெண்டு பக்கத்தாலையும் நெரிக்கிறது. மேலை பிளேன், கீழை டாங்கி.” கத்தி இறங்கிச்சுது. “வார்சோ முடிஞ்சுது!”

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். எல்லாரும் சிரிச்சினம். குணமும் சிரிச்சார்.

“டென்மார்க், காலமைச் சாப்பாட்டுக்கு முதல். ஒல்லாந்து, அஞ்சே நாள்.” ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வெட்டு, ஒரு கடதாசித் தட்டு. “எங்களை ஆண்ட வெள்ளைக்காரனைக் கடலுக்கை கலைச்சவன் ஹிட்லர். அவன் ஆம்பிளை.”

மட்டக்களப்பிலிருந்து அப்பதான் வந்திருந்த ரவி, “சனம் எவ்வளவு செத்திருக்கும் அண்ணை?” எண்டு மெல்லக் கேட்டான்.

“சனத்தைப் பாத்தால் சண்டை பிடிக்கேலுமே, தம்பி?”

நீங்கள் என்ரை பக்கத்தில், தட்டில் ஒரு வடையோடை. என்ரை கையைத் தொட்டு, “போலந்தைப் பற்றி என்ன சொல்லுறார்?” எண்டு கேட்டீங்கள்.

நான் சொன்னன்: “போலந்துக்கு நடந்தது பெரிய அநியாயம் எண்டு சொல்லுறார்.”

நீங்கள் தட்டை வைச்சிட்டு எழும்பினீங்கள். அறையைக் கடந்து போய், கிறீம் ஒட்டின அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடிச்சீங்கள். “நன்றி. இதை ஒருத்தரும் நினைக்கிறதில்லை” எண்டு இங்கிலிஷில் சொன்னீங்கள். உங்கடை கண் கலங்கி இருந்தது.

தில்லை அண்ணை என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெஞ்சில் கையை வைச்சு, தலையைக் குனிஞ்சு, “மறக்க முடியாத துயரம், மேடம்” எண்டு அவரும் இங்கிலிஷில் சொன்னார். பின்னாலை நிண்டவை சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திச்சினம். நீங்கள் உள்ளுக்குப் போன நேரம் எனக்குக் கண்ணடிச்சு, “பத்மா, நீர் கெட்டிக்காரி” எண்டார்.

மிஞ்சின கேக்கை அப்படியே கொண்டுபோய்க் கட்டடத்துக் குப்பைக் குழாயில் தள்ளினன். சுதா அழுதாள்.  கையைச் சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கழுவினேனோ தெரியாது. அவரில் மட்டும் வந்த அருவருப்பு எண்டு நினைச்சீங்களோ? உங்களை நோகடிக்கக்கூடாது எண்டுதான் பொய் சொன்னன் எண்டு கன நாளாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன். அது இல்லை, அக்கா. குணத்தின்ரை வேலைக்குப் பயம். எங்கடை ஆக்கள் இப்பிடி எண்டு நீங்கள் அறிஞ்சுபோடுவீங்கள் எண்ட வெக்கம். அந்த ரெண்டுக்கும் நடுவில் உங்கடை அம்மாவை நான் வித்துப்போட்டன்.

திங்கக்கிழமை காரில், “உன்ரை சிநேகிதர் நல்ல மனிசர்” எண்டீங்கள். நான் “ஓம்” எண்டன். அதுக்குப் பிறகு ஒண்டரை வருசம் அதே காரில் வந்தன், ஒரு சொல்லும் சொல்லேல்லை.

ஆஸ்பத்திரியில், நோயில் நீங்கள் எலும்பாய்க் கிடந்த அந்தக் கடைசிக் கிழமை, “அக்கா, அண்டைக்குப் பிறந்தநாளிலை...” எண்டு தொடங்கினன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “விடு, பத்மா” எண்டீங்கள். களைப்பிலையோ? இல்லாட்டி உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு இருந்ததோ? வார்சோ, ஹிட்லர், டாங்கி. இதுகளுக்கு ஆரும் மொழிபெயர்க்க வேணுமே? கத்தி கேக்கில் இறங்கினதை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்கள்? தெரிஞ்சுகொண்டே எழும்பிப் போய் அந்தக் கையைப் பிடிச்சனீங்களோ? இதைக் கேட்க எனக்கு இனி ஆருமில்லை.

செத்தவீட்டில் உங்கடை மகள் ஏவா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. “போலந்துக்காக வருந்தின ஒரு மனிசரைப் பற்றி அம்மா எத்தினையோ தரம் சொன்னவ. அவரைச் சந்திக்க வேணும், நன்றி சொல்ல வேணும்” எண்டா. நான் என்னவோ முணுமுணுத்துப்போட்டு வெளியிலை வந்து பனிக்குள் நிண்டன்.

போன மாதம் எங்கடை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின்ரை ஆண்டு விழா, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சிறப்புப் பேச்சு தில்லை அண்ணை. வரைபடத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டு, கட்டுப்பாடும் வேகமும் இருந்தால் என்னென்ன செய்யலாம் எண்டு பிள்ளைகளுக்கு அம்பு அம்பாய்க் காட்டினார். பிறகு, “ஒரு பகிடி சொல்லுறன். ஒரு போலந்துக் கிழவி என்ரை கையைப் பிடிச்சு அழுது நன்றி சொன்னவ!” எண்டார். மண்டபம் சிரிச்சுது.

சுதா என்ரை சட்டையை இழுத்தாள். “அம்மா, உது ஹலினா அன்ரியே?”

நான் எழும்பினன். மேடையில் கதைச்சுப் பழக்கமில்லை, இருந்த இடத்தில் நிண்டே கதைச்சன். “அந்தக் கிழவிக்குப் பேர் ஹலினா. அவவின்ரை தாய் பிறந்த குழந்தையோடை ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கேக்கை குண்டு போட்டவங்கள். உங்கடை அம்பு போற இடத்திலை அந்த ஆஸ்பத்திரி இருக்கு, அண்ணை.”

“பத்மா, இரும். இது சரித்திரம்.”

“ஊரிலை எங்கடை தலைக்கு மேலை ஹெலி வருகுது. அதை ஓட்டுறவனையும் ஆம்பிளை எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிப்பியளே?”

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

“அண்டைக்கு அவவுக்குப் பொய் சொன்னது நான்” எண்டன். “சிரிக்கிறதெண்டால் என்னைப் பாத்துச் சிரியுங்கோ. அவவைப் பாத்துச் சிரிக்காதேங்கோ.”

படத்தில் வாறமாதிரிச் சனம் கைதட்டேல்லை, அக்கா. ஆரோ “ச்சா, விழாவைக் குழப்பிப்போட்டா” எண்டது கேட்டது. ரவி மட்டும் தன்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போனான். தில்லை அண்ணை தண்ணி குடிச்சிட்டு மிச்சப் பேச்சைப் பேசி முடிச்சார்.

திரும்பி வரேக்கை குணம், “அண்டைக்கே சொல்லியிருக்கலாம்” எண்டார்.

“நீங்களும் சிரிச்சனீங்கள்.”

“ஓம்” எண்டார். “சிரிச்சனான்.”

இப்ப தில்லை அண்ணை எங்களோடை கதைக்கிறேல்லை. தொழிற்சாலையில் அவற்றை ஆக்கள் குணத்தோடை இருந்து சாப்பிடுறேல்லை. ரெண்டு கிழமை பொறுத்துப் பார்த்திட்டு, குணம் அந்த வேலையை விட்டுப்போட்டார். ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்திருக்கிறார், சம்பளம் குறைவு. என்னில் கோவமோ எண்டு கேட்டன். “இல்லை, என்னிலை” எண்டார்.

மண்டபத்தில் சொன்னதோடை எனக்குச் சுகம் வந்தது எண்டு நினைச்சிடாதேங்கோ. தில்லை அண்ணையை நினைச்சால் வாற அருவருப்பை விட, அந்த ஒண்டரை வருசத்துப் பத்மாவை நினைச்சால் வாறதுதான் கூட. ஒரு ஊரை எரிச்சவனைப் புகழுறது ஒரு ஊத்தை. அதைக் கேட்டுக்கொண்டு பலகாரம் பரிமாறினது வேறென்ன?

ஏவா இன்னும் அந்த “நல்ல மனிசரை”த் தேடிக்கொண்டிருக்கிறா. போன கிழமையும் போன் எடுத்தவ. வாற ஞாயிற்றுக்கிழமை அவவின்ரை வீட்டுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். அவவுக்கு முன்னாலை இருந்து, இந்தக் கடிதத்தை இங்கிலிஷில் வாசிப்பன். என்ரை பொய்யும், என்ரை “ஓம்” எண்டதும் உட்பட, ஒரு சொல்லும் மாத்தாமல். அவ எனக்கு வாசலைக் காட்டிப் போகச் சொன்னாலும் முழுக்க வாசிச்சிட்டுத்தான் எழும்புவன். இது உங்களுக்கு நான் தாற வாக்கு.

‘தங்கச்சி’ எண்ட அந்த ஒரு தமிழ்ச் சொல்லை என்னட்டைக் கேட்டுப் பழகி என்னைக் கூப்பிட்டீங்கள். அந்தச் சொல்லுக்கு இனியாவது உண்மையாய் இருக்கப் பார்க்கிற,

உங்கடை தங்கச்சி
பத்மா