தந்தியில் வந்த இன்சார்ஜ்

பசறை
14.10.1996

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகனும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆகவே எழுதிவிட்டேன். உண்மையில் அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனம்தான் களைத்துக் கிடக்கிறது. இரண்டு கிழமையாக விடாத மழை, பதுளை றோட்டில் மண் சரிந்து பஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. ஒரு மாதமாக ஏன் பதில் இல்லை, அப்பாவுக்குக் கோபமோ என்று நீ நஸீரின் கடைக்கு ஃபோன் எடுத்துக் கேட்டாயாம். கோபமில்லை பிள்ளை. உன்னை ஆஸ்பத்திரியில் ஒரு வார்ட்டுக்கு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், அம்மா அதை அயலெல்லாம் சொல்லித் திரிகிறாள், எனக்குத்தான் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் ராசம்மா ஒரு தந்தியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அவளை உனக்கு நினைவிருக்கும், நான் வேலை பார்த்த தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், அவளுடைய மகன் பார்த்தீபன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறான். நான் பென்ஷன் எடுத்து ஒன்பது வருஷமாகியும் அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் மூன்று மைல் நடந்து என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: சன் கிவன் இன் சார்ஜ் ஃப்ரைடே, லெட்டர் ஃபாலோஸ். உன் கடிதம் அப்போதும் மேசையில் விரித்தபடி கிடந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உன் மகனுக்கு வெள்ளிக்கிழமை முதல் கடையைப் பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள், விபரம் கடிதத்தில் வரும் என்று சொன்னேன். நல்ல சேதிக்கு எவன் தந்தி அடிப்பான் என்று உள்ளே ஒரு கேள்வி எழும்பியது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ராசம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுது சிரித்தாள், அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை, நல்ல சேதி சொல்லும் ஆளாக இருப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. அவள் மாரியம்மன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து லயம் முழுவதும் கொடுத்தாள், எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது, அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

அந்த லெட்டர் வந்து சேரப் பதினொரு நாளாயிற்று. கடைக் கணக்கப்பிள்ளை எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை பொலிசார் தெருவை வளைத்துத் தேடினார்களாம், பார்த்தீபனிடம் அடையாள அட்டை இல்லை, பொலிசில் பெயர் பதிவும் இல்லை, கடைக்காரரே அவனை ஒப்படைக்க வேண்டியதாகிவிட்டதாம். வீட்டார் யாராவது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் தோட்டத்துக் கடிதத்தோடும் ஒரு கிழமைக்குள் வந்தால் விட்டுவிடுவார்கள், உடனே வரவும் என்று எழுதியிருந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். அடுத்த பஸ்ஸில் பதுளைக்குப் போய் சட்டத்தரணி றஹீமைப் பார்த்தோம். அவர் கொழும்புக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார், பையனை அதற்கு முந்தின நாள்தான் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருக்கிறார்கள். பிறகு தந்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பழைய கோர்ட்டு இங்கிலீஷ், மாஸ்டர், ஒருவனைப் பொலிசில் பிடித்துக் கொடுப்பதைத்தான் கிவன் இன் சார்ஜ் என்பார்கள் என்று தணிவாகச் சொன்னார். இன் சார்ஜ் ஒஃப் என்று வந்தால் அதிகாரம் உன் கையில், அந்த ஒஃப் இல்லாவிட்டால் நீ அதிகாரத்தின் கையில் என்றார். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் இதைச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்காக இருந்தவன் நான். ரூல் வேறு, கவர்ன் வேறு, ரெயின் வேறு, மகாராணி சிம்மாசனத்தில் இருந்து ரெயின் பண்ணுவாளே தவிர சட்டம் போட்டு ரூல் பண்ணமாட்டாள் என்று சின்ன வயதில் உனக்குப் படிப்பித்துப் பெருமைப்பட்டவன். இப்போது யோசித்தால் அந்தச் சொற்களையெல்லாம் துரையின் மேசைப் பக்கத்திலிருந்தே படித்திருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அதே சொல் எப்படித் திரும்பும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கொழும்பில் பார்த்தீபனுக்கு விசாரணை. ராசம்மா நேற்று மழையில் நனைந்துகொண்டு வந்தாள். ஏசத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், ஏசினால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்றிருந்தது. அவள் என்னைத் தன்னோடு கொழும்புக்கு வரச் சொன்னாள், அங்கே இங்கிலீஷில் கேட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். நான் உன் மகனைக் கெடுத்தவன், வேறு ஆளைக் கூட்டிப் போ என்றேன். "அப்புடிச் சொல்லாதீங்கய்யா. அந்தப் பதினோரு நாளு எம் மகன் பெரிய ஆளாயிட்டான்னு நெனச்சுக்கிட்டே கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன். எனக்கு வேற எப்பங்க அப்புடி இருந்திருக்கு?" என்றாள். பதுளை றோட்டை நம்ப முடியாததால் பண்டாரவளையில் ரயில் ஏறுகிறோம், அம்மா வேண்டாம் என்கிறாள், ஆனாலும் என் கம்பளிக் கோட்டை, வெயில் இல்லாததால், அடுப்படியில் காயப் போட்டிருக்கிறாள்.

பிள்ளை, உன் வேலை உயர்ந்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம், தாமதமாக வந்தாலும் இதை முழு மனத்தோடு எழுதுகிறேன். ஒன்று மட்டும் கேள். நோயாளியின் வீட்டாருக்குச் சேதி சொல்லும்போது உங்கள் ஆஸ்பத்திரிச் சொல்லை விட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொல். அவர்கள் விளங்கியதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை ஃபோனை வைக்காதே. அந்த நாட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொள், குழந்தைக்குத் தமிழில் பேசு. முருகன் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தீபன் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்று, மறந்துவிடாதே.

உன் நலமே வேண்டும்
அப்பா
சி. தர்மராசா