சட்டையில் ஒட்டிய பச்சை

14 அக்டோபர், செவ்வாய்

கல்வித் துணையமைச்சரான பிறகு இன்றுதான் முதன்முதலாக ஒரு பள்ளிக்குப் போனேன். செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளி. தலைமையாசிரியை கமலா, பல்கலைக்கழகத்தில் என்னிடம் படித்தவள். எனக்காக முன்சுவருக்கு மட்டும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

“சார், பின்னால இருக்கிற கிளாஸையும் வந்து பாருங்க. மழை பெஞ்சா பிள்ளைங்க நின்னுக்கிட்டேதான் படிக்குதுங்க.”

“டைம் இல்லலா கமலா.”

“புதுப் பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க, பின்பக்கம் போய்ப் பாருங்கன்னு கிளாஸ்ல நீங்கதானே சார் சொல்வீங்க?”

சிரித்து மழுப்பிவிட்டுக் காரில் ஏறினேன். அதற்கு முன்பே வருகைப் புத்தகத்தில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

வீட்டில் மனைவி என் சட்டைக் கையைப் பார்த்து, “என்னங்க, எங்க ஒட்டுச்சு இந்தப் பெயிண்ட்?” என்றாள். கார் கதவு என்று சொன்னேன். அவளிடம் எதற்குப் பொய்?

மழை பிடித்துக்கொண்டது. நாளைக் காலை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் மழை விட்டுவிட வேண்டும்.