பின் அடித்த பக்கங்கள்

அன்பு மகளே, ஆத்தா,

நேற்று உன் அப்பா ஜெயித்துவிட்டான்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் பருவமடைதல் பாடத்தை நடத்தவே கூடாது என்று பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஏலக்காய் வியாபாரி சாம்சன் பேசினார். தோட்டத்துக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போகும் சுப்புத்தாய் எழுந்தாள்.

“தேனீ உக்காந்தாத்தேன் ஏலப்பூ காய் புடிக்கும்னு சொல்லித் தர்றீக. எம் மக ஒடம்பப் பத்திச் சொன்னா மட்டும் கெட்டுப் போயிருவாளாண்ணே?”

“செடியும் புள்ளையும் ஒண்ணா தாயி?”

“செடி பயப்படாதுண்ணே. புள்ளைதேன் ஒண்ணுந் தெரியாமப் பயந்து சாகும்.”

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. எழுந்தேன். புத்தகங்களை வகுப்புக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கங்களைத் திறக்க முடியாதபடி சேர்த்துப் பின் அடிக்கும் வழக்கத்தைத் தொடங்கிய வாத்தியார் நான்தான் என்றேன். தாயில்லாத என் மகளும் அன்று அந்த வகுப்பில் இருந்தாள், கறை பட்ட பாவாடையை மூன்று நாள் ஒளித்துவைத்துவிட்டு, “நான் செத்துப் போவேனாப்பா?” என்று கேட்டாள்; நான் பதில் சொல்லாமல் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடப் போனேன் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரிதானா, தெரியவில்லை.

சாம்சன்தான் முதலில் பேசினார்: “எங்க புள்ள ஷாரோனுக்கும் சேத்தே சொல்லிக் குடுங்க சார்.”

இன்று காலை நாற்பத்திரண்டு புத்தகங்களிலும் பின்னை நானே பிரித்தெடுத்தேன். அறிவியல் டீச்சர் பாடம் நடத்தினார். சுப்புத்தாய் மகள் மூன்று கேள்வி கேட்டாள்! மூன்றுக்கும் பதில் கிடைத்தது.

அதில் ஒரு பின்னை இந்த உறையில் வைத்திருக்கிறேன். குத்திவிடாமல் பார்த்து எடு, ஆத்தா.

உன் அப்பா