மார்சேயில் உங்கள் பேரைச் சொன்னேன்

விழுப்புரத்தில் என்னை விட்டுவிட்டுக் கண்மூடிய என் அருமைச் சம்பந்தி தனபாக்கியத்துக்கு,

உங்கள் மூத்த மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டபோது அவர்கள் பட்டாளத்தோடு போனவருக்கு, இப்போது மார்சேய் என்கிற கடற்கரைப் பட்டணத்தில் வேலை. வைகாசி பிறந்தும் திண்டிவனத்து மார்கழி மாதிரி காற்று அடிக்கிறது. ராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் வெயில் போவதில்லை. பொழுது சாய்ந்தால்தானே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருக்கலாம்?

போன முறை என் மகள் சரோஜாவுக்குக் கரு தங்கவில்லை; இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். அதனால்தான் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் புள்ளைக்குத் தந்தி அடிக்காதீங்க. சரோஜா கேட்டா வவுறு கலங்கிடும். கொழந்த பொறந்தப்புறம் நீங்களே நேர்ல சொல்லுங்க” என்றீர்கள். உங்கள் இளைய மகன் கொள்ளி வைத்தான். நான் பிரசவம் பார்க்கக் கப்பல் ஏறினேன். எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவே பயந்தேன்.

இறங்கியதும் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, “எங்கம்மா கால் வீக்கம் வத்திச்சா அத்தை?”

“இப்ப ஒரு வலியும் இல்லீங்க மாப்ள.”

பொய் இல்லையே, சம்பந்தி?

மறுநாள் மீன் விற்கும் துறைக்குக் கூட்டிப் போனார். இங்கேயும் பொம்மையார்பாளையம் மாதிரி பெண்கள்தான் கூவி விற்கிறார்கள். பக்கத்துக் கடையில் ஒரு கம்பளிச் செருப்பை எடுத்து, “அம்மாவுக்கு. போட்டுப் பாருங்க அத்தை, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே” என்றார்.

நிறைமாதமாய் நின்ற சரோஜா சிரித்தாள். “எங்கம்மா போட்டுக்கினா திருப்பித் தராது. உங்கம்மாவுக்கு வேற வாங்குங்க.”

உங்கள் செருப்பில் என் காலை நுழைத்தேன். என் முகம் என்ன ஆயிற்றோ, “இறுக்குதா?” என்று கேட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. உங்கள் நெற்றி. அந்த ஆஸ்பத்திரியில் என் பேத்திக்கு ஈடாக ஒரு குழந்தை இல்லை. மாப்பிள்ளை அவளை என் மடியில் வைத்து, “என்ன பேரு வெக்கிறதுன்னு அம்மாவக் கேட்டு எழுதணும்” என்றார்.

உயிரோடு இருக்கிறவர் பேரை நம் வீடுகளில் பிள்ளைக்கு வைப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். குழந்தையின் காதில் குனிந்து, அவருக்கும் கேட்கும்படி மூன்று முறை சொன்னேன்: தனபாக்கியம், தனபாக்கியம், தனபாக்கியம்.

“எப்போ?” என்றார். சொன்னேன். மறைக்கச் சொன்னது நீங்கள் என்பதையும் சொன்னேன்.

“அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க அதக் கேட்டு மறைக்கலாமா?”

அன்றே கடலில் இறங்கித் தலை முழுகினார். வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். அதை என் கையிலிருந்து வாங்காமல் ஈரத்தோடு முன்னால் நடந்து போனார்.

சரோஜாவிடம் அவரே பக்குவமாகச் சொன்னார். அழுது தேறிவிட்டாள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. அவர் மட்டும் நான் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறார். நான் செய்தது தப்பா, சம்பந்தி? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால்?

ஆடிக்குள் வரச் சொல்லி ஊரிலிருந்து எழுதுகிறார்கள், மல்லாட்டைப் பயிர் விதைக்க ஆள் இல்லையாம். நிலம் ஒரு போகம் சும்மா கிடக்கட்டும். உங்கள் மகன் என்னை மறுபடி வாய் நிறைய அத்தை என்று கூப்பிடும்வரை நான் கப்பல் ஏற மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் பேத்திக்கு மிச்சமிருக்கிற ஆயா