ஆணி அடிக்கக் கூடாத காம்பரா

1973 நவம்பர் 4, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சாவி கிடைத்தது. நாலாம் லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. இரண்டு வருடமாகக் கேட்டது. முன்னால் இருந்தவர்கள் போன மாதம் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், அதனால் எனக்கு.

தோட்டக் கணக்கப்பிள்ளை சாவியைக் கையில் வைக்கும்போதே சொல்லிவிட்டார். "ஆணி கீணி அடிச்சிராத. மண்ணுச் சுவரு. போன தடவ ஒருத்தன் அடிச்சு அடுத்த வீட்டுப் பக்கம் பொளந்துகிட்டு விழுந்துருச்சு. ஒரு ஓட்டை பாத்தேன், காம்பராவ வாங்கிருவேன்." துரையின் உத்தரவாம். குடும்பக்காரனுக்குத்தான் தனிக் காம்பரா, இந்த மாதத்துக்குள் பெண்சாதி வந்து சேர வேண்டும் என்பதும் உத்தரவாம்.

பெக்டரியில் எனக்கு வேலையே தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பதுதான். நாள் முழுக்க அடிக்கிறேன். சொந்தச் சுவரில் ஒன்று அடிக்க முடியாது. நல்ல பிழைப்பு.

பாக்கியம் பூனாகலைக்குத் தாய் வீடு போய் ஏழு மாதம். இங்கே என் அண்ணன் காம்பராவில் ஒன்பது பேர். எங்களுக்கென்று இருந்தது பழைய சேலை கட்டி மறைத்த ஒரு மூலை. வயிற்றில் இருந்தது கலைந்தபோது அவளுக்கு அழக்கூட இடமில்லை. சண்டை போடவில்லை. "தனிக் காம்பரா கிடைச்சா ஆள் அனுப்புங்க, வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தனிக் காம்பராவில் அவள் கேட்டவை:
கண்ணாடி, முகம் தெரியும் உயரத்தில்.
துணிப்பெட்டிக்கு ஒரு தட்டு. தரை ஈரம்.
முருகன் படம்.
சுவரில் ஏதாவது பூ.

நாலுமே ஆணி கேட்கிற காரியம்.

6, செவ்வாய்

தூறல். பா.வுக்குக் கடிதம் போட்டாயிற்று. காம்பரா கிடைத்தது, வா. மூன்றே வரி. இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

வேலை விட்டு ஆற்றோரம் போய் இரண்டு மூங்கில் வெட்டி வந்தேன். கூரையின் குறுக்கு மரத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைவிட ஒரு விரல்கடை கூடுதலாக நறுக்கி, சாய்த்து வைத்து, அடியில் தட்டித் தட்டி நிமிர்த்தினால் இறுகி நின்றுவிடுகிறது. சுவரைத் தொடவே வேண்டாம். நடுவில் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையைக் கயிற்றால் கட்டித் தட்டாக்கினேன். பலம் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். பலகையும் நானும் விழுந்தோம், மூங்கில் நின்றது. கயிறு மாற்ற வேண்டும்.

9, வெள்ளி

மழை, மழை. முன்னால் இருந்தவர்கள் அடுப்பு மூட்டிய பக்கம் சுவர் முழுக்கக் கரி. பழைய பேப்பர் ஒட்டலாம் என்றால் பசைக்குக் கோதுமை மா கேட்க வாய் வரவில்லை. கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் மா எல்லா வீட்டிலும் வாரம் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து காய்ச்சி ஒட்டினேன். காலையில் பார்த்தால் அவ்வளவு பேப்பரும் தரையில். சுவர் அப்படி வேர்க்கிறது.

நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பரா காளியம்மா அக்கா தன் புருசனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "பொஞ்சாதி வரக் காணோம், சுவத்துக்குக் கெழங்கு ஊட்டிக்கிட்டு இருக்கான்."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழங்கை நான் தின்றிருக்கலாம்.

11, ஞாயிறு

பதுளை டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடி. துணிக்கடை முஸ்லிம் நானா பழைய கலண்டர் ஒன்று தந்தார், பெரிய சிவப்பு ரோசாப் படம். போன வருடத்தது. நான் தயங்குவதைப் பார்த்து, "தேதி முடிஞ்சா என்ன தம்பி, பூ வாடலையே" என்றார். நல்ல மனுசன். மேலே தகரப் பட்டியும் வளையமும் இருக்கிறது, கயிற்றில் கோத்துக் குறுக்கு மரத்திலிருந்து தொங்கவிட்டால் கரியும் மறையும்.

பதிவுக் கந்தோர் வாசலைத் தாண்டித்தான் நடந்தேன். கல்யாணத்தை எழுதிவிடுவோம் என்று மாமனார் இரண்டு தடவை கூப்பிட்டார். காம்பரா கிடைக்கட்டும், சொந்த விலாசத்தோடு எழுதுவோம் என்றேன். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியது தோட்டத்துக்கே தெரியும், என்ன அவசரம் என்று நினைப்பு. பா. வந்ததும் இதுதான் முதல் வேலை.

14, புதன்

தபால் அட்டை! மச்சினன் கையெழுத்து. "ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் வருகிறோம்." வேறு ஒன்றுமில்லை. பெட்டியோடு வருகிறார்களா என்று எழுதவில்லை. நான் எதையும் முழுசாக நம்புகிறவன் இல்லை, இருந்தாலும் இன்றைக்கு பெக்டரியில் ஒரு ஆணிகூட வளையவில்லை.

பெக்டரிப் பொறுப்பிலுள்ள டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டுக் கிழிந்த ஈயத்தாள் கொண்டு வந்தேன், தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிப்பது. விளக்குக்குப் பின்னால் அதை நிறுத்தினால் இரண்டு விளக்கு வெளிச்சம். முருகன் படம் கயிற்றில். காற்றடித்தால் மெதுவாகத் திரும்பிக்கொள்கிறார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியும் கயிற்றில். உயரத்துக்கு அளவு தேவைப்படவில்லை. அவள் என் தோள் வரைக்கும் வருவாள்.

18, ஞாயிறு

வந்தார்கள். பெட்டி இல்லை.

எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மச்சினன் உட்காராமல் நின்றபடியே சொன்னான். "மச்சான், எங்களுக்கு இந்தியா பாஸ்போட் வந்துருச்சு. அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது நாலு வருசத்துக்கு முன்னாடி. அப்ப அக்காவுக்குக் கல்யாணம் ஆகல. கல்யாணமாகாத மகள்னுதான் அவ பேரு வந்திருக்கு."

பதிந்திருந்தால், என்று கேட்டேன். பதிந்திருந்தால் சீட்டைக் காட்டிப் பேரை எடுக்கக் கேட்டிருக்கலாமாம், அதற்குத்தான் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டாராம். அதை என்னிடம் விளக்கிச் சொல்ல அவருக்குக் கூச்சமாம். நானும் அண்ணனும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கே எழுதிப் போட்டிருக்கிறோம், அதற்கு இன்னும் பதிலே இல்லை. பின்னாலேயே போகவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை ரயில் என்றான்.

பாக்கியம் காம்பராவைச் சுற்றி வந்தாள். தட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ரோசாப் பூவைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள், குனியவும் வேண்டாம் எக்கவும் வேண்டாம். பொட்டைச் சரிசெய்துகொண்டாள். தம்பி வெளியே போனதும் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் போகாம இங்கேயே இருந்துரட்டுமா?"

பாஸ்போட் வந்தும் போகாதவர்களைத் தேடிப் பொலிஸ் வருகிறது. தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள், கூப்பன் கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க" என்றாள். கோபமே இல்லாமல். தேத்தண்ணி குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

21, புதன்

யோசித்தேன். மூன்று நாள் ஆனது, எனக்கு எதற்கும் இவ்வளவு ஆகும். போகாதே, வா, வருவது வரட்டும் என்று எழுதித் தபாலில் போட்டேன். இந்த முறை இரண்டு பக்கம்.

24, சனி

பதில் இல்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பண்டாரவளை போய், பஸ் மாறி, பூனாகலை.

அவர்கள் காம்பராவில் வேறு யாரோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றே போய்விட்டார்களாம். பக்கத்து வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு கடிதம் எடுத்து வந்து கொடுத்தார். "இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சுங்க. அந்தப் புள்ள தெனமும் தபால்காரர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

என் கையெழுத்து. உறை பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு சொல்.

25, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. தனி ஆளுக்குத் தனிக் காம்பரா கிடையாது என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். வெலிமடைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம், மத்தியானத்துக்குள் சாவி வேண்டுமாம். நான் மறுபடியும் அண்ணன் வீட்டுச் சேலை மூலைக்கு.

கழற்றியவை:
மூங்கில் 2, பலகை 1.
ஈயத்தாள்.
முருகன்.
கலண்டர். காளியம்மா அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன், வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கண்ணாடி.

மூன்று வாரம் செய்ததைக் கழற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டைப் பையில் ஒரு பெக்டரி ஆணி கிடந்தது. கண்ணாடி இருந்த இடத்துக்கு நேராகச் சுவரில் வைத்துப் பார்த்தேன். சுத்தியல் அண்ணன் வீட்டில். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையிலேயே போட்டுக்கொண்டேன்.

கணக்கப்பிள்ளை நாலு சுவரையும் கையால் தடவிப் பார்த்தார். திருப்தி. "பரவாயில்லையேப்பா. ஆளு குடியிருந்த மாதிரியே தெரியல."

ஆமாங்க என்று சாவியைக் கொடுத்தேன்.