அவன் சொல்லாத வரி

மார்ச் 3
தப்பு செய்தது நான்தான். கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் சிப்பாய் சொன்னதை மாற்றி, என் சொந்த வரியை அவன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அவன் சொன்னது: "கால்ல சின்ன அடிதாம்மா. அடுத்த மாசம் வா." நான் எழுதியது: "வலது கால் போய்விட்டது. உடனே வா." பெற்றவளிடம் பொய் எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்த ராணுவ ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகக் கடிதம் எழுதித் தரும் தொண்டன். பள்ளிக்கூடம் போகாமலே எழுத்துக் கற்றவன் என்ற திமிர் வேறு.

இன்று அந்த அம்மா வந்துவிட்டாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்து உட்கார்ந்தாள்.

"யாரும்மா சொன்னது?" என்றான் அவன்.

"நீதானேப்பா எழுதுன!"

அவன் நான் செருமிய பக்கம் திரும்பினான். "செயற்கைக் கால்ல நின்னு அம்மாவ வாம்மான்னு கூப்பிடணும்னு இருந்தேன், தாத்தா. அதுக்குத்தான் ஒரு மாசம் கேட்டேன்."

எனக்கு எப்படித் தெரியும்? — கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மார்ச் 5
தலைமை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "கடிதத்த ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் நோயாளிக்குப் படிச்சுக் காட்டட்டும்னு போன வருஷமே சொன்னேன். 'என் எழுத்துக்கு வாத்தியாரா'ன்னு குதிச்சீங்களே, பெரியவரே!"

குதித்தேன். கூட்டத்தில் மேசையைத் தட்டினேன். திட்டம் அதோடு படுத்தது. அவள் சொன்ன விதம் இன்றும் பிடிக்கவில்லை. சொன்னது சரி.

மார்ச் 6
நடைப் பயிற்சிக்கு அவன் போகவில்லை.

மார்ச் 7
இன்றும் இல்லை. என்னால்.

மார்ச் 9
மன்னிப்புக் கேட்கப் போனேன். உண்மை, தாய் மனசு என்று அளந்துகொண்டே போனேன்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா, பிரசங்கம் பண்ண வந்தீங்களா?"

ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான். பேனாவை எடுத்தேன்.

"நீங்க வேணாம் தாத்தா. வேற யாரையாவது வரச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். கூனிக் குறுகி.

மார்ச் 12
அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த மாதம் வர வேண்டும் என்று அவனே தேதி குறித்தானாம். இன்று கம்பியைப் பிடித்து நாலு அடி வைத்தான் என்றார் பயிற்சியாளர். நான் எட்டிப் பார்க்கவில்லை.

தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்தது:

எழுதும் தொண்டர், சொன்னதை மட்டும் எழுத வேண்டும். மனசு ஒப்பவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு, சொன்னவரிடமே வாய்திறந்து கேட்க வேண்டும்.

இன்னொரு தொண்டர் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நோயாளி "அனுப்பு" என்ற பிறகே ஒட்டலாம்.

புதிதாகச் சேருபவர்களிடம், நான் செய்ததைத் தலைமை நர்ஸ் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் இனிக் கடிதம் எழுதக் கூடாது. சக்கர நாற்காலி தள்ள வேண்டும், யாராவது கூப்பிட்டால்.