மூன்றாவது முடிச்சு

போடிநாயக்கனூர்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நம் ஜீப்பும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே கனடாவில் நீயும், வாராவாரம் உன்னோடு அடித்துக்கொள்ளும் அத்தனை பேரும், முக்கியமாக அந்த டேனி தம்பியும் சுகமாக இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் "சரிம்மா, பயிற்சிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், அப்போது என் குரல் அணில் கத்துவது போல இருக்குமாம், உன் அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. உன் மல்யுத்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிய ஒரு கதையால் உன் நிஜக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது, இன்னும் முழுதாகத் தப்பவில்லை, அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி.

வருஷம் முடியப் போகிறது. இந்த வருஷம் உன்னை வைத்து அவர்கள் சொன்ன கதைகளில் எது உருப்படி எது குப்பை என்று பெற்றவளாக இல்லாமல் பார்க்கிறவளாகச் சொல்கிறேன், கதை எழுதுகிற அந்த மனுஷனிடம் அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிடு. உங்கள் நிகழ்ச்சி இங்கே டிவியில் சனிக்கிழமை விடியலில் வருகிறது, மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அப்பாவின் ஜீப்புக்கு வந்து நிற்பதும் அதே நேரம்தான். முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துகொள்கிறார்கள், நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் ஜீப்பு போடிமெட்டு ஏறுகிறது. மேலே எஸ்டேட் சூப்பர்வைசர் ஏன் தாமதம் என்று ஒரு வாரம் கத்தினாராம், அடுத்த வாரம் கத்தி முடித்துவிட்டு "பின்னெ எந்தாயி?" என்று மலையாளத்தில் மிச்சக் கதையைக் கேட்டாராம். நான் வைத்த அழகுராஜா என்கிற பெயரில் அழகை எடுத்துவிட்டு உன்னை ஸ்பைஸ் ராஜா ஆக்கினார்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிராளி கண்ணில் ஏலக்காய்ப் பொடி தூவுகிறாய் என்று கமெண்ட்ரிக்காரர் கத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது ஏலப்பொடியே இல்லை, பச்சைக் கோலப்பொடி. ஜீப்பில் எப்போதும் முன்சீட்டுப் பிடிக்கும் மொக்கம்மாள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். "ஏலத்த இப்பிடி அள்ளி வீசுறவன் போடிக்காரனே இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். உன் கூட்டாளி டேனியை நீ நாற்காலியால் முதுகில் அடித்தாயே, ஊரே உன்னைக் காறித் துப்பியது, ஆனால் கதை என்றால் இந்த வருஷத்தில் அதுதான் கதை. ஒரே நாளில் நீ கெட்டவனாகவில்லை. பொங்கலுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டீர்கள். டேனி அடி தாங்காமல், மேடைக்கு வெளியே நிற்கிற உன்னைத் தனக்குப் பதிலாக உள்ளே வரச்சொல்லிக் கையை நீட்டுகிறான், நீ தலைமுடியைக் கோதிக்கொண்டு நிற்கிறாய். அடுத்த வாரம் கை கொடுக்கிறாய், கொஞ்சம் தாமதமாக. அதற்கும் அடுத்த வாரம் அவன் ஜெயித்ததற்குக் கை தட்டுகிறாய், வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. எனக்கு அடுப்படியில் வேலையே ஓடவில்லை, இந்தப் பிள்ளை என்னவோ செய்யப் போகிறான் என்று பெற்ற நானே பயந்தேன். மாசியில் அந்த நாற்காலியைத் தூக்கினாய். அப்பா ஜீப்பின் பின்பக்கம் பெரிதாக உன் படம் ஒட்டியிருந்தார் அல்லவா, மொக்கம்மாள் அதன் முன்னால் போய் நின்று, "கூடப்பெறந்தவங் கெணக்கா இருந்தவன முதுகுல அடிச்சிப்புட்டானே, இவன் படம் போட்ட வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அடம்பிடித்தாள். மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பா உன் மேல் மயில்வாகன முருகன் படத்தை வாங்கி ஒட்டினார். முருகன் படம் கொஞ்சம் சின்னது. மயிலுக்குக் கீழே உன் பூட்ஸ் கால் இரண்டும் இன்னும் தெரிகிறது, போலீஸ்காரர்கள்கூட நிறுத்திப் பார்க்கிறார்கள்.

குப்பை என்றால் ஆடியில் வந்த இரட்டைப் பிறவிக் கதை. பிறந்த அன்றே உன்னைப் பிரிந்த நல்ல தம்பி ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு வந்தான். உன் அத்தை ஜக்கம்மாள் அன்றைக்கே போன் போட்டு, "ஏ மதினி, ரெண்டு பெத்துட்டு எங்ககிட்ட ஒண்ணத்தான காமிச்சீக?" என்று கேட்டாள். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று உன்னை முதலில் கையில் வாங்கியவளே அவள்தான். அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். சரி, வந்த தம்பியாவது ஒழுங்காக இருந்தானா என்றால் அதுவும் இல்லை, சில வாரத்திலேயே ஆளைக் காணோம். எங்கே போனான் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எழுதினவருக்கு மறந்துவிட்டது. பெற்ற எனக்குத் தெரிய வேண்டாமா?

குப்பையிலும் குப்பை ஐப்பசியில் வந்த கல்யாணம். சிலமலை காசிமாயன் அண்ணன் மகள் பானுப்பிரியாவை உனக்குப் பேசி, நீங்கள் இருவரும் போனில் பேசிச் சரி என்று சொல்லி, தை மாதம் நீ லீவில் வரும்போது பூ வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அது தெரிந்தும் அந்த மேடையில் ஏறி மாப்பிள்ளையாக நின்றாய். மணப்பெண்ணாக வந்த ரூபி என்கிற அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், சேலையை யாரோ கண்டபடி சுற்றிவிட்டிருந்தார்கள், அதையும் மீறி லட்சணமாகத்தான் இருந்தாள். மோதிரம் மாற்றியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். இந்திய முறை என்று சொல்லி மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்தார்கள் பார், அங்கேதான் வந்தது வினை. தாலிக்குப் பதில் அதில் சாம்பியன் பெல்ட்டு மாதிரி ஒரு குட்டிப் பொம்மை தொங்கியது. நீ அதை அவள் கழுத்தில் போட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தாய். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள், ஒருத்தி பழக்க தோஷத்தில் குலவையே போட்டுவிட்டாள். சரியாக அந்த நேரம் கேமரா உன்னை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் காட்டியது. திரும்பி வந்தபோது கல்யாணக் கேக்கைப் பிளந்துகொண்டு டேனி வெளியே வந்து உன்னைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தான். நீ எத்தனை முடிச்சுப் போட்டாய் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

உன்னைக் கேட்டதற்கு "நடிப்பும்மா" என்று சிரித்தாய். நடிப்பு என்று எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் முழுக்க ஊருக்கு அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூன்று முடிச்சை நடிப்பாகப் போட முடியுமா என்பதுதான் இங்கே பிரச்சினை. ஜீப் ஸ்டாண்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது, மூன்றும் விழுந்துவிட்டது என்று ஒரு கட்சி, அதற்குள் கேக்கு வெடித்துவிட்டது என்று ஒரு கட்சி. அடுத்த நாளே காசிமாயன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். டீயைக் கொடுத்தேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "தங்கச்சி, நடிப்புன்னா நானும் ஒத்துக்கிறேன். ஆனா கழுத்துல ஏறுனது கயிறு. மூணு முடிச்சும் விழுந்திருந்தா எம்மக ரெண்டாந்தாரம். நாளப்பின்ன எவனாச்சும் சொல்லிக் காமிப்பான்ல?" என்று தன்மையாகத்தான் கேட்டார். நமக்குத் துணையாகப் பேசுவதற்காக வந்திருந்த உன் அத்தை ஜக்கம்மாள், "நம்ம வழக்கத்துல மாப்பிள போடுறது ஒரு முடிச்சுத்தேன், மிச்சம் ரெண்டும் நாத்தனா போடுறது. அப்ப ஒண்ணு விழுந்தாலே விழுந்ததுதேன்" என்று போட்டாளே ஒரு போடு. யார் பக்கம் பேச வந்தாள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நல்லவேளையாக மொக்கம்மாள் வாசலில் நின்றாள். "அப்ப நாத்தனா எங்க நின்னா? நாத்தனா இல்லாத கல்யாணம் செல்லுமாக்கும்?" என்று அங்கிருந்தே கேட்டாள். நாத்தனார் இல்லாமல் கல்யாணம் செல்லும் என்று ஜக்கம்மாள் எந்த வாயால் சொல்வாள்? என் கழுத்தில் அந்த இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறவள். செல்லாது என்று உடனே ஒப்புக்கொண்டாள்.

காசிமாயன் அண்ணனுக்கு அது போதவில்லை, முகம் தெளியவில்லை. அப்போதுதான் அவர் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியது பானுப்பிரியா. அவள் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடைக் கம்ப்யூட்டரில் தேடித் தேடி, அங்கே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரோ போனில் எடுத்ததைப் பிடித்துவிட்டாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அப்பாவும் திரும்பி வந்தார், எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அதோடு உன் கை நின்றுவிட்டது. டேனி வரும்போது போடுகிற பாட்டு இன்னும் தொடங்கவில்லை, கேக்கு அசையவில்லை, ரூபி குனிந்தபடி காத்திருக்கிறாள், நீ கயிற்று நுனியை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டு நிற்கிறாய். அண்ணன் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு ஆடை படிந்து ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "மாப்பிள வெவரமானவருதேன்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது அப்பு. அத்தனை ஜனத்துக்கு முன்னால், அத்தனை வெளிச்சத்தில், உனக்கு நினைவு இருந்திருக்கிறது.

ஆனால் அண்ணன் ஒன்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். நின்ற கல்யாணத்தை வருஷக் கடைசி நிகழ்ச்சியில் முடித்துவைக்கப் போவதாக உன் கம்பெனி விளம்பரம் போடுகிறதே, அதில் மூன்றாவது முடிச்சு விழுந்தால் சம்பந்தம் கிடையாது என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆகவே உன் கதை எழுதுகிறவரிடம் போய்ப் பேசு, அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் நான் சொல்கிறேன். கயிறு காணாமல் போய்விட்டது என்று வை, தேடுவதிலேயே ஒரு மாதம் ஓட்டலாம். அதை எடுத்துக்கொண்டு போனவன் அந்தக் காணாமல் போன தம்பி என்று வை, ஒரே கல்லில் இரண்டு ஓட்டையும் அடைபட்டுவிடும். இல்லை, ரூபியே உன்னை வேண்டாம் என்று சொல்லி உன் கண்ணில் கோலப்பொடியை வீசினாலும் எனக்குச் சம்மதம், மொக்கம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். எதுவும் முடியாது என்றால் எங்கள் ஊரில் இதை வைத்து விளையாடுவதில்லை என்று நேராகச் சொல்லிவிடு. மரியாதையாகச் சொல், முறைத்துக்கொண்டு நிற்காதே, அது மேடையில் மட்டும் போதும்.

நேற்று கடைத்தெருவுக்குப் போனவள் பானுப்பிரியாவின் கடைப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் சோலியை விட்டுவிட்டு வெளியே வந்தாள். வீடியோ தேடிக் கொடுத்ததற்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அத்த, ஒண்ணு கேக்கவா?" என்றாள். முடிச்சைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள், ரூபியைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு நின்றேன். "அவருக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். எனக்கு ஊருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய், "அதெல்லாம் நடிப்புத்தேன் ஆத்தா" என்று அதுவாகவே சொல்லிவிட்டது. அவள் விடவில்லை. "நடிப்பு சரி அத்த. அவரு போயி விழுகுற பலக நெசந்தான?" என்றாள். நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, நடக்கச் சொன்னால் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருகிறார். சின்னமுத்து சித்தப்பாவின் மகன் அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தோடு அவனிடம் நம் ஏலக்காய் கொஞ்சமும் முறுக்கும் கொடுத்துவிடுகிறேன், முறுக்கில் டேனிக்கும் ரூபிக்கும் பங்கு கொடு, ஏலக்காயை யார் கண்ணிலும் போடாதே. தைக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று சொல். எல்லாச் சாமியும் உன் பக்கம் நிற்கும், நல்லபடியாக வந்து சேர்.

அப்பு, இந்த ஒரு வருஷத்தில் நிஜமா பொய்யா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர், ஜெயித்தானா தோற்றானா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். வலிக்குமா என்று நான்கூடக் கேட்கவில்லை, சிலமலைப் பெண் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நேராக நீயே பதில் எழுது. வலித்தால் வலிக்கிறது என்று எழுது, எங்கே வலிக்கிறது என்றும் எழுது. நடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதே, அதைச் சொல்வதற்கு இங்கே நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
ஜோதி முத்துக்கிருஷ்ணன்